நான்காம் கேட்டுக்கு வெளியே

பதினோரு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். பதினொன்று பத்து ஆகிவிட்டது, உள்ளே போனவர்கள் இன்னும் வெளியே வந்தபாடில்லை. ஏழாவது மாடியில் அந்தக் கண்ணாடி அறைக்கு எதிரே கிடந்த சோஃபாவில், மூடிய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தில்லைநாயகம் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்த ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும் ரகம் அந்த சோஃபா. எழ வேண்டுமென்றால் இரண்டு கையையும் ஊன்றி ஒரு முக்கு முக்க வேண்டும், நாற்பத்தெட்டு வயதில் அது பார்க்க அழகாக இருக்காது, அதனால் கூப்பிடுவதற்கு முன்னாலேயே எழுந்து நின்றுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார், நினைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் உள்ளே போனார். கண்ணாடிச் சுவரின் நடுவில் பால் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள், உள்ளே நடப்பது வெளியே தெரியக்கூடாதாம். மேலே தலைமுடிகள் தெரிந்தன, கீழே செருப்புகளும் ஷூக்களும் தெரிந்தன, முகம் மட்டும் இல்லை. நரைத்த கொண்டை உமையாள் மேடம், ப்ராஜெக்ட்டுகளைப் பாஸ் செய்யும் கமிட்டியின் தலைவர். பக்கத்தில் வழுக்கை, அது வாடிக்கையாளர்களுக்கு டெலிவரி பார்க்கும் இருதயராஜ். மேஜையின் இந்தப் பக்கம் ஒரு பழுப்பு ஷூ விடாமல் ஆடிக்கொண்டிருந்தது, அது இப்போது மாட்டிக்கொண்டிருக்கும் வேறு ஏதோ ஒரு ப்ராஜெக்ட்டின் மேனேஜர். கால் ஆடுகிற வரைக்கும் கேள்வி போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நின்றால் தீர்ப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். எத்தனையோ தடவை இந்த சோஃபாவில் உட்கார்ந்து ஷூவைப் பார்த்தே பாஸா ஃபெயிலா என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார், வேறு எதற்கும் உதவாத படிப்பு. தன்னுடைய ஷூவைப் பார்த்தார். அது ஆடவில்லை. ஆடாமல் இருப்பது தைரியத்தினாலா அல்லது சோஃபா காலைத் தூக்கிவிட்டதாலா என்று தெரியவில்லை.

மேடம், ஒரு விஷயம் சொல்லணும். முதல் வாக்கியம் அதுதான். காலையில் முடிச்சூரில் கம்பெனி பஸ் ஏறியதிலிருந்து அதைத்தான் வாய்க்குள் உருட்டிக்கொண்டு வருகிறார். வண்டலூர் தாண்டும்வரை அது 'ஒரு சின்ன விஷயம்' என்று இருந்தது. கேளம்பாக்கம் சாலையில் ஒரு தண்ணி லாரிக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தபோது, அதில் என்ன சின்னது என்று அவருக்கே வெட்கமாகிப்போய் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார். 'முக்கியமான விஷயம்' என்று போட்டுப் பார்த்தார். அப்படிச் சொன்னால் உமையாள் மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார், அந்தப் பார்வைக்குப் பிறகு இரண்டாவது வாக்கியம் வராது. வெறுமனே ஒரு விஷயம், அது போதும். ஆனால் இரண்டாவது வாக்கியம் என்ன? நான் போட்ட ரிப்போர்ட் காலி. நான் பொய் சொன்னேன். இதில் 'நான்' என்கிற இடத்தில்தான் நாக்கு தடுக்குகிறது. இருபத்திரண்டு வருஷமாக வாராவாரம் ப்ராஜெக்ட் நிலவரம் எழுதி எழுதி அவருக்குப் பழக்கமான உலகத்தில் யாரும் எதையும் செய்வதில்லை. தாமதம் தானாக வரும், பிழை தானாகத் தெரியவரும், தேதி தானாக நகரும், மனிதர்கள் யாரும் பக்கத்தில்கூட இருக்க மாட்டார்கள். அந்த மொழியிலேயே இதையும் சொல்லிவிட்டால் என்ன? ரிப்போர்ட்டில் சில தகவல்கள் விடுபட்டிருக்கு மேடம். ஆமாம், எல்லாத் தகவலும் விடுபட்டிருக்கிறது, தலைப்பைத் தவிர. சிரிப்பு வந்தது. எதிரே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள், உடனே செல்போனைப் பார்த்துச் சிரித்ததுபோல முகத்தை மாற்றிக்கொண்டார்.

இந்தக் கம்பெனியில் ஒரு சாஃப்ட்வேர் பிறந்து வெளியே போக ஐந்து கேட்டைத் தாண்ட வேண்டும். யோசனைக்கு ஒரு கேட், திட்டத்துக்கு ஒன்று, கட்டி முடித்துச் சோதனை செய்ததற்கு மூன்றாவது, வாடிக்கையாளர் கையில் கொடுப்பதற்கு நான்காவது, எல்லாம் முடிந்து கோப்பை மூடுவதற்கு ஐந்தாவது. ஒவ்வொரு கேட்டிலும் இந்த அறை, இந்தக் கொண்டை, இந்த வழுக்கை. ஒவ்வொரு கேட்டுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் உண்டு, பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு ஃபைல் சேர்க்க வேண்டும், எல்லா வரியிலும் ஃபைல் விழுந்தால்தான் கீழே இருக்கும் பட்டன் சாம்பலிலிருந்து பச்சையாகும். ஃபைல் இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. அதனால் வேலை முடியாத வரிக்கெல்லாம் ஒரு காலி ஃபைலுக்குப் பெயர் வைத்துப் போட்டுவிடுவது இங்கே நாள்பட்ட வழக்கம். அதற்குத் துண்டு போடுவது என்று பெயர். பஸ் ஜன்னல் வழியாக சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பதில்லையா, அதேதான். துண்டு போட்டு வை, அப்புறம் பாத்துக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக்கூட முதல் வாரத்திலேயே இது தெரிந்துவிடும், காஃபி மெஷினில் எந்தப் பட்டன் வேலை செய்யாது என்பது தெரிவதுபோல. தில்லைநாயகம் எத்தனை துண்டு போட்டிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை, ஆனால் எல்லாவற்றையும் பிற்பாடு எடுத்துவிட்டு நிஜமான ஃபைலை வைத்துவிடுவார், அந்த விஷயத்தில் அவருக்குள் ஒரு கர்வம் உண்டு. ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுதான் மூன்று மாதமாகச் சோற்றில் கல்லாகக் கிடக்கிறது.

ஆம்புலன்ஸ். சென்னையைச் சுற்றி மூன்று மாவட்டத்தில் வண்டி ஓட்டுகிற ஒரு தனியார் நிறுவனம், அவர்களுடைய கட்டுப்பாட்டு அறைக்கான சாஃப்ட்வேர். யார் கூப்பிட்டார்கள், எங்கிருந்து, எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது, யாரை அனுப்புவது, எல்லாம் ஒரு திரையில். முதல் சர்வர் படுத்துவிட்டால் முப்பது விநாடிக்குள் இரண்டாவது சர்வர் எழுந்து அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும், இதைச் சோதித்து அறிக்கை சேர்க்கவும், இது மூன்றாவது கேட்டின் பட்டியலில் பதினேழாவது வரி. அப்போது இரண்டாவது சர்வருக்கான மெஷினே வந்து சேரவில்லை. வந்துவிடும் என்றார்கள், இரண்டு வாரம் என்றார்கள். துண்டைப் போட்டார். மாற்று சர்வர் சோதனை அறிக்கை, இறுதி. இறுதி என்று வேறு எழுதினார், அதை ஏன் எழுதினார் என்று இப்போது நினைத்தால் காது சூடாகிறது. பட்டன் பச்சையானது, கேட் பாஸ். மெஷின் ஆறு வாரம் கழித்து வந்தது, அதற்குள் தலைக்கு மேல் வேறு வேலை, பார்த்துக்கொள்ளலாம், அடுத்த வாரம், அதற்கும் அடுத்த வாரம். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்த டெஸ்டர் ஜெபராணி, யாரும் சொல்லாமல், சும்மா இருக்கும் நேரத்தில் பார்ப்போமே என்று முதல் சர்வரை நிறுத்திவிட்டாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், அம்மாவோடு பெருங்களத்தூரில் இருக்கிறாள், அளந்து பேசுவாள். அவர் மேஜைக்கு வந்து நின்று, "சார், அது எழும்பல்ல" என்றாள். என்ன எழும்பவில்லை என்று கேட்டார். முப்பது விநாடி இல்லை, பதினான்கு நிமிஷம் ஆகியிருந்தது. அந்தப் பதினான்கு நிமிஷத்தில் அவள் விளையாட்டாக அனுப்பிய போலி அழைப்புகள் எங்கேயும் பதிவாகவில்லை, முதல் சர்வரிலும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. சும்மா காணாமல் போயிருந்தன. சரிசெய்ய எவ்வளவு நாள் என்று கேட்டார். அடியிலிருந்து மாற்ற வேண்டும், இரண்டு மாதம் என்றாள். வருகிற திங்கட்கிழமை லைவ், நிஜ அழைப்புகள் அதில்தான் வரும், அதற்கான நான்காவது கேட் இன்றைக்கு.

பழுப்பு ஷூ இன்னும் ஆடியது. நல்லது, ஆடட்டும். உள்ளே போய்ச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று நேராகவே யோசித்துப் பார்த்தார். கேட் மூடும். வாடிக்கையாளர் ஏற்கெனவே இரண்டு தடவை தேதி தள்ளியதில் கடுப்பில் இருக்கிறார், மூன்றாவது தடவை என்றால் போய் வா என்று சொல்லிவிடுவார். ப்ராஜெக்ட் அங்கேயே முடியும். டீமில் இருக்கும் ஒன்பது பேரும் அவரும் பெஞ்ச்சில். பெஞ்ச் என்றால் என்ன என்று அவருக்குப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் நான்கு மாதம் உட்கார்ந்திருக்கிறார். வேலை இல்லை, ஆனால் தினமும் வர வேண்டும். கான்டீனில் மூலை மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய ஃபைல்களின் பெயர்களை மாற்றிக்கொண்டு, பின் மாற்றியதை மறுபடி மாற்றிக்கொண்டு. காலையில் கீழே கதவில் அடையாள அட்டையைத் தேய்க்கும்போது அந்தச் சின்ன விளக்கு எரிகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார், எரிந்தால் இன்றைக்கு இன்னும் ஆள்தான். வீட்டில் மனைவி சங்கரியிடம் சொல்லவே இல்லை. தினமும் டிபன் பாக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு நாள் அவள், இப்பல்லாம் சாப்பாடு மிச்சமே வைக்கறதில்ல, வேலை கம்மியா என்று கேட்டாள், அந்தக் கேள்வியில் ஒரு குறும்பும் இல்லை, அதனால்தான் பாத்ரூமில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். மறுபடி அந்தக் கான்டீன் மூலை. இந்தத் தடவை ஒன்பது பேரும் சுற்றிலும் வேறு வேறு மேஜைகளில், தன்னைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு. தன்னால்தான் என்று அவர்களுக்குத் தெரியும். ஜெபராணிக்கு மட்டும் வேறு மாதிரித் தெரியும். அவள் காலையில் பெருங்களத்தூரில் அதே பஸ்ஸில் ஏறினாள், பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள், ஹெட்ஃபோனை மாட்டப் போனவள் நிறுத்திவிட்டு, உள்ளே சொல்லப் போகிறீர்களா என்று மட்டும் கேட்டாள். பார்க்கிறேன் என்றார். பார்க்கிறேன் என்றால் அவர் அகராதியில் இல்லை என்று அர்த்தம், அது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அதுதான் இதில் மோசம், ஒன்றுமே ஆகாமல் போகலாம். முதல் சர்வர் ஒரு வருஷம் விழாமல் நிற்கலாம், அதற்குள் சரிசெய்துவிடலாம், யாருக்கும் தெரியாது. எத்தனை சாஃப்ட்வேர் இப்படி ஓடிக்கொண்டிருக்கிறது. அல்லது திங்கட்கிழமையே விழலாம். ஆனால் விழுந்தால் அந்தப் பதினான்கு நிமிஷம் என்பது வெறும் பதினான்கு நிமிஷம்தானே என்று அவரால் தன்னையே சமாதானப்படுத்திக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் அந்த நிமிஷத்தின் மறுபக்கம் அவர் இருந்திருக்கிறார். போன ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமனார் பாத்ரூமில் விழுந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. சங்கரி அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா அப்பா என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். இவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்கும் பாத்ரூமுக்கும் நடந்தார். மறுமுனையில் ஒரு பெண் விலாசம் கேட்டாள், சொன்னார். மறுபடி கேட்டாள், சொன்னார். மூன்றாவது தடவை கேட்டபோது அவளைத் திட்டிவிட்டார், காது கேட்காதா என்று. முடிச்சூரில் எங்கே சார், பக்கத்தில் என்ன சார் இருக்கு என்று அவள் பொறுமையாகக் கேட்டாள். இப்போது அவருக்குத் தெரியும், அவள் எதிரே ஒரு திரை இருந்தது, அதில் விலாசத்துக்கு மூன்று கட்டம் இருந்தது, எதிலோ ஏதோ ஏறவில்லை. அப்படி ஒரு திரையைத்தான் இவர் கட்டியிருக்கிறார். வண்டி வந்தது, மாமனார் பிழைத்தார், இப்போது வலது கை மட்டும் வராது, டிவி பார்க்கிறார். ஆனால் அந்தப் பெண் கேட்காமலே இருந்திருந்தால், மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்திருந்தால், எவ்வளவு நேரம் நடந்திருப்பார்? பாத்ரூமுக்கும் பால்கனிக்கும் எத்தனை தடவை? பயமாக இருந்தது. ஏசி குளிரில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு அக்குள் நனைந்தது. ஒன்பது பேர் ஒரு பக்கம், பெயர் தெரியாத யாரோ ஒரு பக்கம். ஒன்பது பேரின் பெயரும் தெரியும், பிறந்தநாள்கூடத் தெரியும், கேக் வெட்டியதெல்லாம் அவர்தான். பெயர் தெரியாதவனுக்காகப் பெயர் தெரிந்தவர்களைத் தெருவில் விடுவதா? அந்தப் பெயர் தெரியாதவனின் வீட்டிலும் யாராவது பால்கனிக்கும் பாத்ரூமுக்கும் நடப்பார்களே. மேடம், ஒரு விஷயம் சொல்லணும். மேடம், ஒரு விஷயம். நிமிர்ந்து பார்த்தார். பழுப்பு ஷூ நின்றிருந்தது.

கதவு திறந்தது, அந்த மேனேஜர் யாரையும் பார்க்காமல் லிஃப்ட் பக்கம் போனார். தில்லைநாயகம் முன்கூட்டியே எழுந்து நிற்க வேண்டும் என்று நினைத்ததெல்லாம் மறந்துபோய், இரண்டு கையையும் ஊன்றி, முக்கி எழுந்தார். உள்ளே வழக்கமான குளிர், வழக்கமான பிஸ்கட் தட்டு, மேஜை நடுவில் ஸ்பீக்கர் போன், அதற்குள் பெங்களூரிலிருந்து கமிட்டியின் மூன்றாவது ஆள். உமையாள் மேடம் திரையில் பட்டியலைத் திறந்தார், எல்லா வரியும் பச்சையாக இருந்தது. அவர் வரிவரியாகக் கீழே இறக்கிக்கொண்டு போக, தில்லைநாயகம் ஆமாம் மேடம், ஆமாம் மேடம் என்று சொல்லிக்கொண்டே போனார், எட்டாவது வரிவரைக்கும், பன்னிரண்டாவது வரிவரைக்கும், தன் குரல் எவ்வளவு சுலபமாக ஆமாம் சொல்கிறது என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே. பட்டியல் முடிந்தது. வேறு ஏதாவது உண்டா என்று மேடம் கேட்டார், எல்லாரிடமும் கேட்கிற மாதிரி, பேனாவின் மூடியைப் போட்டுக்கொண்டே. அந்த மூடி க்ளிக் என்று விழுந்த சத்தத்தில்தான், ஏனென்று தெரியவில்லை, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மேடம், ஒரு விஷயம் சொல்லணும். மூணாவது கேட்ல நான் போட்ட மாற்று சர்வர் ரிப்போர்ட் வெறும் காலி ஃபைல். அப்ப அந்த டெஸ்ட்டைப் பண்ணவே இல்ல. நான்தான் போட்டேன். போன செவ்வாய்க்கிழமை பண்ணிப் பாத்தோம், பதினாலு நிமிஷம் ரெண்டாவது சர்வர் எழுந்திருக்கல. அந்த நேரத்துல வந்த கால் ஒண்ணுகூட பதிவாகல."

சொல்லி முடித்ததும் அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது. நிஜமாகவே, மூன்று மாதத்தில் முதல் தடவையாக, மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. இனி திட்டட்டும். அட்டையைப் பிடுங்கட்டும். கான்டீன் மூலைக்குப் போகிறேன், சங்கரியிடம் இந்தத் தடவை சொல்லிவிடுகிறேன். ஆனால் உமையாள் மேடம் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மூக்கின் மேல் இருந்த இரண்டு தடத்தையும் விரலால் தேய்த்தார், அப்போதுதான் அந்தம்மாவுக்கு எவ்வளவு வயது என்று தில்லைநாயகத்துக்குத் தெரிந்தது.

"தெரியும் தில்லை. அது காலின்னு தெரியும். அன்னிக்கே தெறந்து பாத்தேன்."

இருதயராஜ் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டு, தானும் பார்த்ததாகச் சொன்னார், மேடம் கேட்பார் என்று விட்டுவிட்டாராம். மேடமோ டெலிவரியில் கேட்பார்கள் என்று விட்டாராம். தில்லைநாயகம் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தார். மூன்று மாதமாகத் தான் மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததாக நினைத்த பாரத்தை இவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கை பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், அதனால்தான் அது கீழேயே விழவில்லை. மேடம் மெதுவாகவே பேசினார், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல். இப்போது நிறுத்தினால் மேலே போகும், மேலே போனால் மூன்றாவது கேட்டில் ஏன் விட்டாய் என்று முதல் கேள்வி தன்னிடம்தான் வரும், அதில் தன் கையெழுத்து இருக்கிறது, இருதயராஜ் கையெழுத்து இருக்கிறது. அதற்கு முன் வந்தவற்றையும் தோண்டுவார்கள். அது இந்த ஒரு ப்ராஜெக்ட்டோடு நிற்காது, இந்த மாடியில் பாதிப்பேர் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அதனால் நிபந்தனையோடு பாஸ். லைவ் போன முப்பது நாளுக்குள் சரிசெய்து, சோதித்து, அறிக்கை சேர்க்க வேண்டும், பொறுப்பு தில்லைநாயகம். திரையில் புதிய வரி ஒன்று அச்சாகிக்கொண்டிருந்தது.

"ரெண்டு மாசம் ஆகும் மேடம். அதுக்குள்ள சர்வர் விழுந்தா?"

"விழாதுன்னு நம்புவோம்," என்றார் மேடம். போனுக்குள் இருந்தவர் தன் பக்கம் சம்மதம் என்றார். அந்தச் சொற்கள் அவ்வளவு தெளிவாக வந்தன, அதுவரை அவர் போனை மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

வெளியே வந்தபோது சோஃபாவில் அடுத்த மேனேஜர் உட்கார்ந்திருந்தார், அவருடைய கால் ஆடிக்கொண்டிருந்தது. லிஃப்ட் பக்கத்தில் ஜெபராணி நின்றிருந்தாள், எதற்காக வந்தாள் என்று இரண்டு பேருமே காட்டிக்கொள்ளவில்லை. "சொன்னியளா சார்?" என்றாள். சொன்னேன் என்றார். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்து, அதைப் பார்க்க முடியாமல், லிஃப்ட் பட்டனை அமுக்கினார். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். பாஸ் என்றார். திங்கட்கிழமை லைவ் என்றார். அந்த வெளிச்சம் போவதை அவர் பார்க்கவில்லை, அவர் லிஃப்ட்டின் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டு, மூன்று, மூன்றிலேயே நின்றுகொண்டிருந்தது. கீழே போய் ஒன்பது பேரிடமும் பாஸ் என்று சொல்ல வேண்டும், அவர்கள் கை தட்டுவார்கள், யாராவது கேக் என்பார்கள். ஜெபராணியும் லிஃப்ட்டின் எண்களைப் பார்த்தாள். பிறகு, அவரிடம் சொல்கிறாளா தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியாத குரலில் சொன்னாள்.

"எங்க தெருமுனையில ஒரு ஆம்னி வேன்காரரு உண்டு சார். எந்நேரம் கூப்பிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு வருவாரு. சாயங்காலம் போனதும் அவரு நம்பரைப் பெருசா எழுதி அம்மைக்குக் கட்டிலுக்கு மேல ஒட்டிரணும்."

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. தில்லைநாயகம் உள்ளே போகவில்லை. சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, நம்பர் எழுதும் இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் முடிச்சூர் வரைக்கும் வருவாரா என்று கேட்டார்.